பியர் 39 கடற்சிங்கங்களுக்கு யாரும் மீன் போடுவதில்லை

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் பியர் 39 என்ற சுற்றுலாத் துறைமேடையில் மரத் தெப்பங்களில் கிடக்கும் கடற்சிங்கங்களை, சுற்றுலாவுக்காகக் கொண்டுவந்து மீன் போட்டு வளர்க்கிறார்கள் என்ற பதிவு சுற்றுகிறது. தவறு.

1989 கடைசியில் அவை தாமாகவே வந்து ஏறின. சீரமைப்புக்காகப் படகுகளை எடுத்திருந்ததால் அங்குள்ள ‘கே’ என்ற படகுத்துறை காலியாக இருந்தது. விரிகுடாவில் ஹெர்ரிங் மீனும் ஏராளம். நாற்றம், இரவெல்லாம் குரைப்பு என்று படகுக்காரர்கள் புலம்பினார்கள். ஆனாலும் கடல் பாலூட்டி நிபுணர்கள் சொன்னபடி இடத்தை அவற்றுக்கே விட்டார்கள்.

கோடையில் பெரும்பாலானவை இனப்பெருக்கத்துக்காகத் தெற்கே கலிஃபோர்னியாவின் சேனல் தீவுகளுக்குப் போய்விடும். நெத்திலி குவிந்த 2024 வசந்தத்தில் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது.

இரை போடுவது அமெரிக்கச் சட்டப்படி குற்றம். மனிதர் போடும் மீனுக்குப் பழகிய கடற்சிங்கம் படகுகளை நெருங்கும், தூண்டில் முள்ளை விழுங்கும், ஆளையும் கடிக்கும். தயவுசெய்து 45 மீட்டராவது தள்ளி நில்லுங்கள்.