அழிறப்பர் இல்லாத ஒரு மாதம்

2025 நவம்பர் வருகிறது. சென்ற ஆண்டு இதே நாள்களில், ஒரு மாதத்துக்குள் ஒரு நாவலை எழுதி முடிக்கப்போகிறேன் என்று இங்கே அறிவித்தபோது வாழ்த்தியவர்களும் இருந்தார்கள், கோபித்தவர்களும் இருந்தார்கள். "பத்து வருடம் மனதில் ஊறவேண்டியதை முப்பது நாளில் இறக்கி வைக்கலாமா?" என்று நான் மிகவும் மதிக்கும் மூத்த எழுத்தாளர் ஒருவர் கேட்டார். அன்று அவருக்குப் பதில் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது.

நனோரைமோ (NaNoWriMo) என்ற இந்தச் சவால் 1999இல் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் கிறிஸ் பேட்டி என்பவரும் அவருடைய நண்பர்களுமாக 21 பேர் தொடங்கியது. 30 நாள்கள், 50,000 சொற்கள். கணக்குப் பார்த்தால் நாளொன்றுக்கு 1,667 சொற்கள். பின்னாளில் அது பெரிய அமைப்பாக வளர்ந்தது. அந்த அமைப்பை மூடுவதாக இந்த ஆண்டு மார்ச் இறுதியில் அறிவித்துவிட்டார்கள். அமைப்பு போனாலும் அந்த முறையை நாம் விட்டுவிடக்கூடாது. அது பிறந்த ஊரைவிட யாழ்ப்பாணத்துக்குத்தான் அது கூடுதலாகத் தேவை என்று நினைக்கிறேன்.

ஏன் என்று கேட்டால் என் பெரியமாமாவைப் பற்றித்தான் சொல்லவேண்டும். அவர் பதினொரு வருடம் ஒரு நாவல் எழுதினார். முதல் மூன்று அத்தியாயங்களைத் திரும்பத் திரும்ப எழுதினார். ஒவ்வொரு சொல்லையும் தட்டிப் பார்த்து வைப்பவர். 1995 ஒக்டோபர் 30 இரவு, போரினால் வலிகாமமே எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, கொப்பிகள் அவருடைய றங்குப்பெட்டிக்குள் இருந்தன. கையில் குழந்தைகள், சைக்கிளில் அரிசி. பெட்டியைத் தூக்க ஆள் இல்லை. அடுத்த ஆண்டு திரும்பி வந்து பார்த்தபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, பெட்டியும் இல்லை. சாகும்வரை முதல் அத்தியாயத்தை மனப்பாடமாகச் சொல்லுவார். நான்காம் அத்தியாயத்தில் என்ன நடக்கும் என்று கேட்டால் பேசாமல் இருப்பார். அது அவருக்கே தெரியாது.

ஊறட்டும் என்று வைத்திருப்பதற்கு நமக்குக் காலம் எப்போதும் கிடைத்ததில்லை.

நான் சித்திர ஆசிரியை. வகுப்பில் கோட்டோவியம் தொடங்கும்போது முதல் பத்து நிமிடம் பிள்ளைகளின் அழிறப்பர்களை வாங்கி என் மேசையில் வைத்துவிடுவேன். அழிறப்பர் கையில் இருக்கும் பிள்ளை மூக்கோடு நின்றுவிடும். ஒரே மூக்கை அரைமணி நேரம் அழித்து அழித்துத் தாளே நைந்துபோகும். இல்லாத பிள்ளை கோணலாகவேனும் ஆள் முழுவதையும் வரைந்துவிடும், கால் உட்பட. கால்வரை வந்த படத்தைத்தான் திருத்த முடியும். இருபது வருடமாக இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த நான், என் கதைகளை மட்டும் மூக்கோடு விட்டுவைத்திருந்தேன்.

50,000 என்ற எண்ணை மட்டும் அப்படியே எடுக்கவேண்டாம். அது ஆங்கிலத்துக்கு இட்ட அளவு. "போகவேண்டியிருந்திருக்காது" என்று நாம் ஒரே சொல்லாக எழுதுவதற்கு ஆங்கிலத்தில் ஆறு சொற்கள் வேண்டும். அவர்களுடைய படியால் நம்முடைய நெல்லை அளந்தால் தோற்றுப்போனதாகத்தான் தெரியும். நான் சொற்களை விட்டுவிட்டுப் பக்கங்களை எண்ணினேன். 160 பக்க சீ.ஆர். கொப்பி, நாளுக்கு ஆறு பக்கம். என் கையெழுத்தில் பக்கத்துக்கு 180 சொற்கள் அளவில் வரும்.

சென்ற நவம்பரை யாழ்ப்பாணத்தில் இருந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 14ஆம் திகதி பாராளுமன்றத் தேர்தல். எனக்குத் தேர்தல் கடமை, மூன்று நாள்கள் போயின. மாத இறுதியில் வெள்ளம். உயர்தரப் பரீட்சையையே இடைநிறுத்தினார்கள். மாவீரர் நாளான 27ஆம் திகதி நான் எழுதவில்லை. அன்று எழுத முடியாததன் காரணம் இங்கே எவருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மற்ற நாள்களில் விடிய நான்கரைக்குக் குசினி மேசையில், மின்சாரம் இல்லாவிட்டால் அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில். ஓடு ஒழுகும் இடத்தில் பேசின் வைத்திருந்தேன். 63ஆம் பக்கத்தில் மை கரைந்து நீலமாகப் பரவிக் கிடக்கிறது. பேசினை நகர்த்த எழுந்தால் வசனம் போய்விடும் என்று நனையவிட்ட பக்கம் அது.

கதை, ஒரு பங்குக் கிணற்றைப் பற்றியது. காணி உறுதியில் "கிணற்றில் அரைப்பங்கும் வழி வாய்க்காலும்" என்று எழுதியிருக்கும், பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு குடும்பங்கள். 40ஆம் பக்கத்தில் கதை நின்றுவிட்டது. வழக்கமாக அந்த இடத்தில் கொப்பியை மூடிவிடுவேன், இரண்டு மாதம் கழித்துத்தான் திறப்பேன். ஆனால் அன்றைக்கு இன்னும் நான்கு பக்கம் எழுதவேண்டும், மணி ஐந்தரை. வேறு வழியில்லாமல் ஒரு கிழவியை இருட்டில் கிணற்றடிக்கு அனுப்பினேன். யாரும் தன் வாளிகளை எண்ணக்கூடாது என்பதற்காக இரவில் தண்ணீர் அள்ளுகிறவள். கப்பிச் சத்தம் கேட்காமல் இருக்கச் சீலைத் துண்டு சுற்றி வைத்திருக்கிறாள். அவள் என் திட்டத்தில் இல்லை. இன்று அந்த நாவலில் உயிரோடு இருப்பவள் அவள் ஒருத்திதான். ஊறவைத்த பத்து வருடத்தில் அவள் வரவில்லை. விடியப்புறத்து நெருக்கடியில் வந்தாள்.

வீட்டைப் பற்றியும் சொல்லவேண்டும், குறிப்பாகப் பெண்களுக்கு. எழுத நேரம் வேண்டும் என்று கேட்டால் எந்த வீட்டிலும் கிடைக்காது. விரதம் என்றால் வீடே விலகி வழிவிடும். சென்ற ஆண்டு கந்தசஷ்டி நவம்பர் தொடக்கத்தில் வந்தது. மாமி உபவாசம் இருந்த ஆறு நாளும் யாரும் அவரை ஒரு வேலைக்கும் கூப்பிடவில்லை. சூரன்போர் முடிந்த மறுநாள் அவரிடம் போய், "மாமி, எனக்கு இந்த மாதம் முடியும்வரை விடியற்காலை விரதம்" என்றேன். விளங்கிக்கொண்டார். "ஒரு மாதம்தானே பிள்ளை, நீர் இருந்து எழுதும். தேங்காயை நான் துருவுகிறேன்" என்றார். தொடக்கமும் முடிவும் உள்ள ஒன்றுக்கு நம் வீடுகளில் மரியாதை இருக்கிறது. "எழுதிக்கொண்டிருக்கிறேன்" என்ற முடிவில்லாத சொல்லுக்கு அந்த மரியாதை இல்லை. இந்தச் சவாலின் மிகப் பெரிய பயன் எனக்கு இதுதான்.

மூத்தவருக்கு என் பதில்: ஐயா, முப்பது நாளில் நாவல் வராது, அது உண்மை. 141 பக்கம்தான் வந்தது. பாதி வசனங்கள் மோசம். ஒரு பாத்திரத்தின் பெயர் நடுவில் மாறியிருக்கிறது. ஆனால் கிணற்று வழக்கு எப்படி முடிகிறது என்று எனக்குத் தெரியும். பத்து மாதமாக அதைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். ஊறுவது இப்போது நடக்கிறது, கையில் பொருளை வைத்துக்கொண்டு.

இம்முறை நவம்பர் 1 சனிக்கிழமை. புதுக் கொப்பி வாங்கிவிட்டேன். நாங்கள் நான்கு பேர் வைபரில் ஒரு குழு வைத்திருக்கிறோம். எழுதியதைக் காட்டவேண்டியதில்லை, காலை ஏழு மணிக்குள் அன்றைய பக்க எண்ணை மட்டும் இடவேண்டும், பூச்சியம் என்றாலும். சேர விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்கு முன் உட்பெட்டியில் சொல்லுங்கள்.