எரிவதெல்லாம் ஒவ்வாமை இல்லை

"தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்தபின் தக்காளி, ஆரஞ்சு, காரம் எரிந்தால் அது ஒவ்வாமை, ஆயுளுக்கும் விட்டுவிடுங்கள், சிகிச்சைக்கு முன்பே சாப்பாட்டைக் குறைத்துப் பழகுங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. இரண்டாவது ஆபத்தும்கூட.

எரிவதற்குக் காரணம் புண். கதிர்வீச்சு தொடங்கி இரண்டு மூன்று வாரங்களில் வாய், தொண்டையின் உள்தோல் உரிந்து புண்ணாகும். உமிழ்நீர்ச் சுரப்பிகளும் பாதிக்கப்படுவதால் வாய் காய்ந்து கிடக்கும். அந்த நிலையில் புளிப்பு பட்டால் யாருக்கும் சுள்ளென்றுதான் இருக்கும். ஒவ்வாமை என்றால் தடிப்பு, அரிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் என்று வரும். அது வேறு விஷயம். சிகிச்சை முடிந்தபின் பெரும்பாலும் சில வாரங்களில் புண் ஆறிவிடும். நாக்குக்குச் சுவை திரும்ப மாதக்கணக்காகலாம், வறட்சி சிலருக்கு நீங்காமலே போகலாம். அதனால் இன்று எரிந்ததைக் கொஞ்ச நாள் கழித்து அரை ஸ்பூன் வைத்துப் பாருங்கள்.

முன்கூட்டியே குறைப்பதா? ஐயோ, வேண்டாம். எடை இறங்கினால் கதிர்வீச்சின்போது தலையை அசையாமல் பிடிக்கும் முகமூடி தளர்ந்துவிடும். புதிதாக அளவெடுத்துத் திட்டமிட வேண்டி வரலாம். விழுங்காமலே இருந்தால் தொண்டைத் தசைகளும் பலவீனமாகும். குழாய்வழி உணவு எடுப்பவர்களைக்கூட, பாதுகாப்பானது என்று தெரிந்தால், இரண்டு மடக்காவது விழுங்கச் சொல்வது அதனால்தான்.

அப்புறம், தண்ணீர் குடிக்கும்போதே இருமல் வருகிறதா? அது நுரையீரல் பக்கம் போவதாக இருக்கலாம். உடனே சிகிச்சைக் குழுவிடம் சொல்லுங்கள்.