முதுகுவலி எல்லாம் 'மனசுதான்' என்ற வாட்ஸ்அப் செய்தி: உண்மை என்ன?

"மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் முதுகுவலி, கால்வலி எல்லாம் மனக்கவலைதான். டாக்டர், ஸ்கேன், மாத்திரை எதுவும் வேண்டாம்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. கொஞ்சம் உண்மையும் கலந்திருப்பதால் பலர் நம்பிவிடுகிறார்கள்.

காயம் ஆறிய பிறகும் நரம்பு மண்டலம் வலியை உண்டாக்கிக்கொண்டே இருக்கலாம். பயமும் தூக்கமின்மையும் அதைக் கூட்டும். அதற்காக வலி பொய்யாகிவிடாது, யாரும் நடிக்கவில்லை. 2022-இல் 'ஜாமா சைக்கியாட்ரி' இதழில் வந்த அமெரிக்க ஆய்வில் 151 பேர் பங்கேற்றார்கள். வலி குறித்த அச்சத்தைத் தணிக்கும் சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 66 சதவீதம் பேருக்கு வலி முழுதாகவோ பெருமளவிலோ நீங்கியது. ஆனால் அவர்கள் டாக்டரைத் தவிர்க்கவில்லை: மருத்துவர் ஆலோசனையும் 8 சிகிச்சை அமர்வுகளும் இருந்தன. முதுகைவிடக் காலில் வலி அதிகமுள்ளவர்கள் ஆய்வில் சேர்க்கப்படவே இல்லை. அதைக் கால்வலிக்கும் நீட்டுவது எப்படிச் சரியாகும்?

காலுக்கு இறங்கும் வலிக்கு, முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க் (மெத்தை போன்ற தட்டு) நரம்பை அழுத்துவது காரணமாக இருக்கலாம். தொடை இடுக்கில் மரத்துப்போதல், சிறுநீர் அடைப்பு, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போதல், காலில் பலம் குறைதல் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தாமதித்தால் நிரந்தரப் பாதிப்பு வரலாம்.

உலக சுகாதார அமைப்பு 2023 டிசம்பரில் வெளியிட்ட நாட்பட்ட கீழ்முதுகுவலி வழிகாட்டுதல் அதன் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உடற்பயிற்சி, உளவியல் சிகிச்சை இரண்டும் அதில் உண்டு. தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.