ஃபியூஷன் வர ஏன் இத்தனை காலம் இழுக்கிறது?

லோட் ஷெட்டிங் பேச்சு வந்தாலே போதும், நம்ம டர்பன் ஆட்களில் யாராவது "ஃபியூஷன் வரட்டும், எல்லாம் தீர்ந்துடும்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். ஃபியூஷன் என்றால் அணு இணைவு: லேசான அணுக்களை ஒன்றாக்கி ஆற்றல் எடுப்பது. ஆதாரமாக 2022 டிசம்பரில் அமெரிக்காவில் நடந்த லேசர் சோதனையைக் காட்டுவார்கள். உள்ளே போன லேசர் ஆற்றல் 2.05 மெகாஜூல், வெளியே வந்தது 3.15. சரிதான். ஆனால் அந்த லேசரைச் சுட இழுத்த மின்சாரம் சுமார் 300 மெகாஜூல். ஷேர் ஆகும் செய்தியில் இந்த எண்தான் காணாமல் போகிறது.

இணைவு நடக்கும் மின்னேற்ற வாயுவான பிளாஸ்மாவைச் சூடாக்குவது இன்று பெரிய புதிரல்ல. பிரிட்டனில் இருந்த ஜெட் (JET) என்ற ஃபியூஷன் சோதனை இயந்திரம் 2023இல் 0.2 மில்லிகிராம் எரிபொருளிலிருந்து 69 மெகாஜூல் எடுத்துக் காட்டியது. சிக்கல் எரிபொருளிலும் உலையின் சுவரிலும் இருக்கிறது.

எரிபொருளில் ஒன்று டிரிட்டியம், கதிரியக்கமுள்ள கனமான ஹைட்ரஜன். அதன் அரை ஆயுள் 12.3 ஆண்டு, சேர்த்து வைத்தாலும் கரையும். 1000 மெகாவாட் இணைவு ஆற்றலை ஆண்டு முழுக்க எடுக்க 55 கிலோவுக்கு மேல் வேண்டும். கனடா மாதிரி கனநீர் அணு உலைகளில் சேர்ந்த கையிருப்போ சில பத்து கிலோதான். ஆகவே உலையே சுவருக்குள் லித்தியம் வைத்துத் தன் டிரிட்டியத்தை விளைவித்துக்கொள்ள வேண்டும். லித்தியத்தை டிரிட்டியமாக்குவது இணைவில் வெளிவரும் நியூட்ரான்; ஓர் இணைவுக்குக் கிடைப்பதோ ஒன்றே ஒன்று. அதிலும் சில எஃகில் வீணாகும். ஈடுகட்ட பெரிலியமோ ஈயமோ சேர்த்து நியூட்ரானைப் பெருக்க வேண்டும். முழு அளவில் இதை யாரும் இன்னும் செய்து காட்டவில்லை.

அதே நியூட்ரான் எஃகின் அணுக்களை இடம்பெயர்க்கும், உள்ளே ஹீலியம் குமிழ் விடும். சுவர் உப்பும், நொறுங்கும். எத்தனை ஆண்டு தாங்கும் என்று பார்ப்பதற்கான சோதனைக்கூடமே ஸ்பெயினின் கிரானடா அருகில் இப்போதுதான் எழும்புகிறது.

பல நாடுகள் சேர்ந்து பிரான்ஸில் கட்டும் ஈட்டர் (ITER) என்ற ஃபியூஷன் சோதனை உலையில் 2022இல் வெளியே தெரிந்த கோளாறைப் பாருங்கள். வெப்பக் கவசத்தின் குளிர்குழாய்களில் விரிசல். வெள்ளிப் பூச்சு வேலையில் வெல்டிங் ஓரம் தங்கிய குளோரின் எச்சமும், குழாயை வளைத்ததில் மிஞ்சிய இறுக்கமும் சேர்ந்து அரித்துவிட்டன. இயற்பியலில் பிழையில்லை, கழுவுவதில்தான்! முதல் பிளாஸ்மா 2016 என்றார்கள், பிறகு 2025. 2024இல் போட்ட புது அட்டவணைப்படி ஆய்வுப் பணி 2034இல் தொடங்கும், டிரிட்டியம் 2039இல்தான். ஈட்டர் மின்சாரமும் தராது.

கேப் டவுன் அருகே உள்ள நம் கூபெர்க் அணுமின் நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1984இலிருந்து ஓடும், அணுவைப் பிளக்கும், அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்த உலை. முதல் அலகில் மூன்று நீராவி ஜெனரேட்டர்களை மாற்றவே கிட்டத்தட்ட ஒரு வருடம் இழுத்தது. அந்த அலகின் உரிமம் 2044 வரை. அது முடிகிற அன்று அந்த இடத்தில் ஃபியூஷன் நிலையம் நிற்கும் என்று கணக்குப் போடுபவரோடு எனக்கு உடன்பாடில்லை.