பத்மாசனத்தில் முழங்காலை அழுத்துவது பற்றி

பத்மாசனத்தில், அதாவது இரு பாதங்களையும் எதிர்த் தொடைகளின்மேல் வைத்து உட்காரும்போது, முழங்கால் வலித்தாலும் பொறுத்துக்கொண்டு தினமும் கையால் கீழே அழுத்தினால் மூட்டு இளகிவிடும் என்று ஒரு பதிவில் சொல்லப்பட்டிருக்கிறது. பலர் அதைப் பகிர்ந்தும் இருக்கிறார்கள். அன்புகூர்ந்து அப்படிச் செய்யாதீர்கள்.

முழங்கால் முக்கியமாக மடக்கி நீட்டுவதற்கான மூட்டு. பாதத்தைத் தொடைமேல் வைக்கத் தேவையான சுழற்சி இடுப்பு மூட்டிலிருந்துதான் வர வேண்டும். அங்கே இடம் இல்லாதபோது அழுத்தினால், அந்தத் திருகல் முழங்காலுக்குள் இருக்கும் பிறைவடிவக் குருத்தெலும்பின்மேல் விழுகிறது. அது கிழிந்தால் எளிதில் ஆறாது. தொடைத்தசை இழுபடுவது வேறு, மூட்டுக்குள் சுருக்கென்று குத்துவது வேறு. குத்தினால் அந்த நொடியே காலை இறக்கிவிடுங்கள்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலை மடக்காமல் பாதத்தை வெளிப்பக்கம் திருப்புங்கள். தொடை முழுவதும் சேர்ந்து உருளும். திரும்புவது இடுப்பு என்பது கையை வைத்தாலே தெரியும். பிறகு இரு உள்ளங்கால்களையும் ஒட்டவைத்து, அழுத்தாமல் உட்காருங்கள். முழங்கால்கள் தரைக்கு வெகு மேலே நின்றால் இடுப்பு இன்னும் இடம் கொடுக்கவில்லை. அதன் எலும்பு அமைப்பே ஆளுக்கு ஆள் மாறும். இடுப்பு இடம் கொடுக்கும்வரை சுகாசனத்தில், அதாவது சாதாரணமாகச் சம்மணமிட்டு, உட்காருங்கள். மூச்சுப் பயிற்சிக்கு அது தாராளமாகப் போதும்.