மூன்று பண்டம் செய்கிற கடை

ஈரோட்டிலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பள்ளிபாளையம். அங்கே ஓட்டுக் கூரை போட்ட ஒரு சின்ன மெஸ்ஸில் போன மாதம் சாப்பிட்டேன். சுவரில் சாக்பீஸால் நான்கே வரி எழுதியிருந்தது: சாப்பாடு, கோழிக் குழம்பு, பள்ளிபாளையம் சிக்கன், ஆம்லெட். இரண்டரை மணிக்கு மேல் போனால் அதிலும் இரண்டு தீர்ந்துபோயிருக்கும்.

அடுப்பு நாம் உட்காரும் பெஞ்சிலிருந்தே தெரியும். அந்த அக்கா காய்ந்த மிளகாயைக் கிள்ளி, விதையைத் தட்டிவிட்டு, காய்ந்த எண்ணெயில் போட்டார். கை கையாக அள்ளிச் சின்ன வெங்காயம், ஒரு கொத்துக் கறிவேப்பிலை. சிறிது சிறிதாக வெட்டிய கோழி, மஞ்சள், உப்பு. கடைசியில் தேங்காய்ப் பல். தக்காளி கிடையாது. மசாலாப் பொடி கிடையாது. தண்ணீரை ஊற்றாமல் தெளித்துத் தெளித்தே வேகவிட்டார். அரை மணி நேரம் அடுப்பை விட்டு நகரவில்லை. யாரோ சில்லறை கேட்டதற்குக்கூடத் திரும்பிப் பார்க்காமல் டப்பாவைக் கை காட்டினார். இலையில் விழுந்தபோது வெங்காயம் கரைந்து கறியோடு ஒட்டியிருந்தது, தேங்காய் மட்டும் பல்லில் கடிபட்டது. "சோறு போதுமா அம்மணி?" என்று கேட்டார். போதவில்லை.

அடுத்த வாரமே கோவையில் உறவினர் வீட்டுப் பிறந்தநாளுக்காக ஒரு பெரிய உணவகத்துக்குப் போனோம். பட்டியல் 28 பக்கம். தந்தூரி, சீன நூடுல்ஸ், பாஸ்தா, மெக்சிகோ பண்டங்கள், செட்டிநாடு, எல்லாவற்றுக்கும் நடுவே பள்ளிபாளையம் சிக்கனும் இருந்தது. ஆசையாகக் கேட்டேன். சிவப்புக் குழம்பில் மிதந்த எலும்பில்லாத கோழி வந்தது. மேலே க்ரீமால் ஒரு சுழி. பெயரைத் தவிர அந்த ஊருக்கும் அந்தத் தட்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குக் கோபம் தீரவில்லை. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதத் தொடங்கினேன்.

இருநூறு பண்டங்களை ஒரு சமையலறை எப்படிச் செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். காலையில் வெங்காயமும் தக்காளியும் வதக்கி அரைத்த ஒரு சிவப்புக் குழம்பு, முந்திரி அரைத்த ஒரு வெள்ளைக் குழம்பு, இன்னொன்று கீரை. இந்த இரண்டு மூன்றையும் பெரிய பாத்திரங்களில் வைத்துக்கொண்டு, கேட்பதற்கேற்ப அளவை மாற்றி, மேலே ஒரு பொடியைத் தூவி, பெயரை மாற்றி அனுப்புகிறார்கள். சமைப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பத்து நிமிடத்தில் எதைக் கேட்டாலும் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் நாம்தான். தண்ணீர் தெளித்து அரை மணி நேரம் வேக வேண்டிய ஒன்றுக்கு அந்த அடுப்பில் இடமே இல்லை.

எனவே என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். பட்டியல் நீளமாக இருக்கும் கடையைவிட, மூன்று பண்டம் மட்டும் செய்யும் கடையைத் தேடிப் போங்கள். பத்து ஆண்டுகளாக விடுமுறை நாட்களில் இந்தக் கொங்கு நாட்டுச் சாலைகளில் சாப்பிட்டுத் திரிந்ததில் எனக்குக் கிடைத்த நல்ல வேளைகளெல்லாம் இப்படிப்பட்ட இடங்களில்தான்.

சேலத்துத் தட்டுவடை செட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு தட்டுவடை, நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், இரண்டு வகைச் சட்னி. அவ்வளவுதான் பொருள். ஆனால் துருவல் ஈரம் விட்டுத் தட்டுவடை நமுத்துப்போவதற்குள் அது கைக்கு வந்துவிட வேண்டும். அந்த வேகம் நாள் முழுக்க அதையே செய்யும் கைக்குத்தான் வரும். கரூரில் பொரியோடு சட்னியும் வெங்காயமும் துருவலும் கலந்து தரும் கரமும் அப்படித்தான். கோவையில் மாலை ஐந்து மணிக்கு மேல் தள்ளுவண்டிகளில் காளான் கிடைக்கும். முட்டைக்கோஸும் காளானும் மாவில் பிசைந்து பொரித்து, பெரிய கல்லில் மசாலாவோடு கொத்தி, மேலே பச்சை வெங்காயமும் கொத்தமல்லியும் போட்டுத் தருவார்கள். காளானைவிட முட்டைக்கோஸ்தானே அதிகம் என்று சிலர் குறை சொல்கிறார்கள். இருக்கட்டும். கல்லூரி நாட்களில் கையில் பத்து ரூபாய் இருந்தால் வயிறு நிறைந்தது அதனால்தான்.

திருப்பூரைத் தனியாகச் சொல்ல வேண்டும். பின்னலாடை வேலைக்குப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் வசிக்கும் தெருக்களில் அவர்களுக்கான கடைகளும் வந்துவிட்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒரு சந்தில் லிட்டி சாப்பிட்டேன். கோதுமை மாவு உருண்டைக்குள் வறுத்த கடலை மாவை மசாலாவோடு அடைத்து, கரித் தணலில் சுட்டு, சாம்பலைத் தட்டி, நெய்யில் முக்கித் தருகிறார்கள். தொட்டுக்கொள்ளச் சுட்ட கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் மசித்த சோக்கா. கடை என்று சொல்ல ஒரு தகரக் கொட்டகையும் ஒரு கரியடுப்பும்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன்கள் ஊருக்குப் போன் பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள். நம் ஊரில் உழைக்க வந்தவர்கள் தங்கள் ஊர்ச் சோற்றைத் தேடி உட்காரும் அந்த இடத்தில் எனக்கும் ஒரு ஸ்டூல் போட்டுத் தந்ததை நான் மறக்க மாட்டேன். அவர்களைப் பற்றி இளக்காரமாகப் பேசும் நண்பர்கள் ஒருமுறை அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து என்னிடம் பேசட்டும்.

இவ்வளவு ஊர்ச் சாப்பாடும் கிடைக்கும் இடத்தில் நம் வீட்டுச் சாப்பாடு எங்கே கிடைக்கிறது? அரிசியும் பருப்பும் சாதம் கொங்கு வீடுகளில் வாரம் ஒருமுறையாவது அடுப்பேறும். அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு, மஞ்சள், மேலே ஒரு கரண்டி நெய். நோயிலிருந்து எழுந்தவருக்கும் அதுதான், ஊரிலிருந்து களைத்து வந்தவருக்கும் அதுதான். கடைகளில் தேடினால் விரல் விட்டு எண்ணிவிடலாம். கொள்ளுப் பருப்புக் கடைசலும் அப்படியே. இடியாப்பம் போன்ற சந்தகை கடைகளில் கிடைக்காததற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு: புழுங்கலரிசி மாவை முதலில் இட்லிபோல அவித்து, அந்தச் சூடு ஆறுவதற்குள் சந்தகை மரம் என்ற அச்சில் வைத்துப் பிழிய வேண்டும். ஆறினால் இறங்காது. ஒருவர் அவிக்க, ஒருவர் அழுத்த, ஒருவர் தட்டைப் பிடிக்க என்று வீடே சேர்ந்தால்தான் நடக்கும். கோபிச்செட்டிபாளையத்தில் எங்கள் அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, வீட்டில் மருமகன் விருந்துக்கு வருகிறார் என்றால் சந்தகையும் தேங்காய்ப்பாலும்தான். அம்மாவின் அப்பா, அப்புச்சிதான் அழுத்துவார். சிறு பிள்ளைகள் நாங்கள் அவர் தோளைப் பிடித்துத் தொங்கி எங்கள் கனத்தையும் சேர்த்துக் கொடுப்போம்.

இனி பேக்கரிக்கு வருகிறேன், ஏனென்றால் என்னை மாற்றியது அதுதான்.

எங்கள் பக்கத்தில் பேக்கரி என்றால் கேக் வாங்கும் இடம் மட்டுமில்லை. டீக்கடையும் அதுதான், சந்திப்பிடமும் அதுதான், விடிகாலை வேலைக்குப் போகிறவரின் காலைப் பலகாரமும் அங்கேதான். சந்தை நாளில் அப்புச்சி வாங்கி வரும் தேங்காய் பன் காகிதத்தில் எண்ணெய்க் கறையோடு வரும். இப்போது கேக் சாமான்களைக் கடையில் வாங்கி வீட்டிலேயே கேக் செய்யத் தொடங்கியிருக்கும் பெண்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். நானும் ஒருத்தி.

என் முதல் கேக் பிரஷர் குக்கரில் செய்தது. காஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் மணலைக் கொட்டிச் சூடாக்கி, மேலே தட்டு வைத்துச் சுட்டேன். நன்றாகவே வந்தது. அதன் பிறகு சின்ன மின் அடுப்பு வாங்கினேன். அப்போது ஒரு முடிவு எடுத்தேன்: படத்தில் பார்க்கும் ஐம்பது வகையையும் முயன்று பார்க்காமல், இங்கே விளைகிற பொருளில் ஒரே ஒரு கேக்கைச் சரியாகச் செய்யக் கற்றுக்கொள்வது. ராகி, கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை, ஊத்துக்குளி வெண்ணெய், நாமக்கல் முட்டை. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகிற அதே நாட்டுச் சர்க்கரைதான்.

ஐந்து மாதம் ஆனது. முழுக்க ராகி போட்டபோது கத்தி பட்டதும் உதிர்ந்தது. ராகியில் மாவைப் பிடித்து நிறுத்தும் பசைப் புரதம் இல்லை. பாதி கோதுமை மாவு சேர்த்தேன். உதிர்வது நின்றது, ஆனால் நாக்கில் நறநறவென்றது. ராகி மாவைத் தயிரில் அரை மணி நேரம் ஊறவைத்த பிறகு அது போனது. நாட்டுச் சர்க்கரையில் ஈரம் அதிகம், வெள்ளைச் சர்க்கரையைவிடச் சீக்கிரம் கருகும். 180 டிகிரியில் மேலே கருத்து உள்ளே வேகாமல் இருந்தது. 160க்கு இறக்கி நேரத்தைக் கூட்டினேன். ஏப்ரல் வெயிலில் வெண்ணெய் எண்ணெயாக உருகிவிடும். உருகிய வெண்ணெயில் எவ்வளவு அடித்தாலும் காற்று நிற்காது, கேக் தட்டையாகிவிடும். கோடை முடியும் வரை விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்துதான் வெண்ணெயும் சர்க்கரையும் அடித்தேன். ஆவணியில் ஒருநாள் கேக் நிமிர்ந்து வந்தது. வெல்ல மணமும் ராகியின் மண் மணமும் வீடு முழுக்க நிறைந்தன. அம்மா ஒரு துண்டைத் தின்றுவிட்டு ஒன்றும் பேசாமல் இன்னொரு துண்டை எடுத்தார்.

அந்த ஒரு கேக்கை அடுத்த வாரமும் அதேபோலச் செய்ய முடிகிறதா என்று பார்த்தபோதுதான் எனக்கு உண்மை உறைத்தது. முட்டை சிறிதாக இருந்தது, வெண்ணெயில் மோர் சற்றுக் கூடுதலாக இருந்தது, மழை பெய்து மாவு ஈரம் வாங்கியிருந்தது. கேக் வேறு மாதிரி வந்தது. வாரம் ஒரு கேக்குக்கே இந்தப் பாடு. அந்தப் பள்ளிபாளையத்து அக்கா தினமும், மின்வெட்டிலும் மழையிலும் வெங்காய விலை ஏறிய நாளிலும், அதே கறியை அதே ருசியில் இறக்குகிறார். பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் தெருமுனைப் பேக்கரியில் வேலை செய்யும் மாஸ்டரிடம் தேங்காய் பன் செய்யக் கற்றுக்கொள்ளப் போனேன். அவர்கள் போர்மா என்று சொல்லும் விறகடுப்பின் உள்ளே கையை நீட்டியே சூட்டைச் சொல்லிவிடுகிறார். இரவு இரண்டு மணிக்கு மாவு பிசைகிறார். வெயில் காலத்தில் ஈஸ்ட்டைக் குறைத்து, மார்கழியில் கூட்டி, எந்த அளவும் எழுதி வைக்காமல் முப்பது ஆண்டுகள்.

அதனால்தான் விலை பேசுபவர்களிடம் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. வீட்டில் கேக் செய்து விற்கும் என் சித்தி மகளிடம், "மைதா கிலோ என்ன விலை விற்கிறது, இதற்கு இவ்வளவா?" என்று முகத்துக்கு நேராகக் கேட்கிறார்கள். பெரிய உணவகத்தில் க்ரீம் சுழித்த தட்டுக்கு வாய் திறக்காமல் கொடுத்தவர்கள்தான் கேட்கிறார்கள். வெண்ணெய் போட்டிருக்கிறாள், வனஸ்பதி போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையைப் போட்டிருக்கிறாள். அந்தத் தொகையைக் கொடுங்கள்.

2024 செப்டம்பரில் கோவையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் முன்னிலையில் அன்னபூர்ணா உணவகக் குழுமத்தின் சீனிவாசன் பேசியது நினைவிருக்கும். வெறும் பன்னுக்கு ஜிஎஸ்டி இல்லை, உள்ளே க்ரீம் வைத்தால் 18 சதவீதம், வாடிக்கையாளர்கள் பன்னையும் க்ரீமையும் தனித்தனியாகக் கேட்கிறார்கள் என்றார். அரசியல் விவாதம் எப்படியோ போனது. 2025 செப்டம்பர் 22 முதல் கேக், பிஸ்கட் வகைகளுக்கான வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது, பெரிய தொழில்களெல்லாம் இருக்கும் ஊரில் ஒரு பன்னுக்காகவும் ஒருவர் எழுந்து பேசினார் என்பது. பன் எங்களுக்கு அவ்வளவு அன்றாடமான பண்டம்.

புது உணவகங்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாஸ்தா மட்டும் செய்யும் கடை வரட்டும், மோமோ மட்டும் செய்யும் கடை வரட்டும், முதல் ஆளாகப் போய் உட்காருவேன். சந்தகை மட்டும் செய்யும் கடை ஒன்று வந்தால் தினமும் போவேன்.

அடுத்த மாதம் தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் வழியாக இரண்டு நாள் பயணம் வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்துக் கடைகள் எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. மூன்று நான்கு பண்டத்துக்கு மேல் செய்யாத கடை ஏதாவது தெரிந்தால், எந்த ஊர், எந்த முக்கு, எத்தனை மணிக்குத் தீர்ந்துபோகும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ராகி கேக் இரண்டு சுட்டு எடுத்து வருகிறேன். வழியில் வீடு இருப்பவர்கள் சொல்லுங்கள், ஒரு துண்டு கொடுத்துவிட்டுப் போகிறேன்.