ஓடிபி சொல்ல மட்டும் ஒருத்தன் பொறந்திருக்கேன்

என் போனுக்கு வர்ற ஓடிபில பாதி எனக்கானதே இல்ல. எல்லாம் எங்க வீட்டு மாடியில குடியிருக்கிற பெல்ஜியம் டீச்சருக்கு. பாம்பன்ல பாசி எடுக்கப் போற பொம்பளைக பிள்ளைகளுக்கு சாயங்காலம் இங்கிலீஷ் சொல்லிக்குடுக்க வந்தவங்க. சம்பளம் கிடையாது, வாடகையும் அவங்க கைக்காசுதான். வயசு நாப்பதைத் தாண்டிருச்சு. அவங்க ஊர்ல வரி கட்டி, கார் ஓட்டி, வீட்டுக்கடன் அடைச்ச மனுஷி. இங்க ஒரு ரீசார்ஜ் பண்ணணும்னா நான் தூங்கி எந்திரிக்கிற வரைக்கும் மாடிப்படியில உக்காந்திருக்கணும்.

எதுக்குன்னு கேளுங்க. எதைத் தொட்டாலும் ஆதார், இல்லாட்டி ஆதாரோட ஒட்டின நம்பர். சிம் வாங்கப் போனா பாஸ்போர்ட், விசா எல்லாம் கைல இருந்தும் உள்ளூர் ஆள் நம்பர் வேணும், அதுக்கு ஓடிபி வரும், அதைச் சொல்லணும். அந்த உள்ளூர் ஆள் நான். அந்த சிம்முக்கும் கெடு போட்டுத்தான் குடுக்குறாங்க. முடிஞ்சா திரும்ப மொதல்லேர்ந்து.

கடையில நடக்குற பேச்சு இருக்கே, அது தனிக் கூத்து.

"தம்பி, அவுககிட்ட ஆதார் இருக்கா?"

"அண்ணே, அவுக இந்தியாவே இல்லண்ணே."

"சரி, பான் கார்டாச்சும்?"

இத்தனைக்கும் டீச்சர் பக்கத்துலதான் நிக்குறாங்க. இங்க வர்றதுக்கு முன்னாடி கொஞ்ச மாசம் சென்னையில இருந்து தமிழ் பழகியிருக்காங்க. "அண்ணே, என்கிட்டயே கேளுங்க"ன்னு சொல்றாங்க. அவர் சிரிச்சுக்கிட்டே என் பக்கம் திரும்பி, "நல்லா பேசுறாகளே! அப்ப, வேற ஐடி என்ன இருக்காம்?"ங்கிறார்.

ஆதார் எடுத்துட வேண்டியதுதானேன்னு ஒரு மேதாவி கேட்டார். கடைசிப் பன்னெண்டு மாசத்துல 182 நாள் இங்க தங்கியிருந்தாத்தான் வெளிநாட்டுக்காரங்க விண்ணப்பமே போட முடியும். அதுவரைக்கும் பட்டினி கெடக்கணுமா? அந்த நாள் நெருங்குறப்ப விசாவே முடிஞ்சிரும்.

காசு விஷயம்தான் என்னைக் கொல்லுது. சென்னையில தெருவுக்கு நாலு கடையில கார்டு தேய்க்கலாம், மத்ததை அங்க டீச்சருக்காக ஒருத்தர் பார்த்துக்கிட்டாராம். பாம்பன்ல மீன் விக்கிற ஆத்தா கூடையிலயே க்யூஆர் அட்டை தொங்குது. நல்லதுதான், ஆத்தாவை நான் குத்தம் சொல்லல. ஆனா 500 ரூபா நோட்ட நீட்டுனா சில்லறை இல்ல. யுபிஐக்கு நம்ம ஊரு பேங்க் கணக்கு வேணும். வெளிநாட்டுக்காரங்களுக்குன்னு யுபிஐ ஒன் வேர்ல்டுன்னு காசு போட்டு வச்சு ஸ்கேன் பண்ற வாலட் ஒண்ணு 2023 ஜி20 நேரத்துல கொண்டாந்தாங்க, ஏர்போர்ட்ல எறங்குறப்பயே வாங்கிக்கலாம். டீச்சருக்கு அன்னைக்கு யாரும் சொல்லல. இனி அதுக்காக ஏர்போர்ட்டுக்குப் போக முடியுமா? சுத்திப் பார்க்க வர்ற வெளிநாட்டுக்காரங்களுக்கும் ஆறு மாசம் வரைக்கும் என்ஆர்ஓ கணக்கு, அதான் இந்தியாவுல குடியில்லாதவங்களுக்கான பேங்க் கணக்கு, தொறக்கலாம்னு ரிசர்வ் பேங்க் விதி இருக்கு. ஒரு பேங்க்ல போய்க் கேட்டா, "அப்படியா, யார் சொன்னா?"ன்னு என்னையே திருப்பிக் கேக்குறாங்க.

அதனால கருவாட்டுலேர்ந்து கொசுவத்தி வரைக்கும் நான்தான் ஸ்கேன் பண்றேன். ராத்திரி டீச்சர் நோட்டை எடுத்துட்டு வந்து பைசா சுத்தமா கணக்குப் பார்த்து பணத்தைத் தந்துடுவாங்க. அதுல ஒரு கொறையும் இல்ல. தெருதான் ரெண்டா பிரிஞ்சு பேசுது. ஒரு கட்சி, "வெள்ளைக்காரிக்கு இவன் காசா கொட்டுறான்". இன்னொரு கட்சி, "டாலரா வாங்கித் தின்னு வாழுறான்". பெல்ஜியத்துல டாலர் கிடையாதுய்யா, யூரோ! மூணாவதா ஒரு கட்சி எங்க அம்மாகிட்டயே வந்து, "சம்பந்தம் எப்ப?"ன்னு கேட்டுச்சு. அம்மா வெளக்கமாத்தை எடுத்துட்டாங்க.

அம்மாவுக்கு ஏற்கனவே ஃபார்ம் சின்னு எல்லாரும் சொல்ற ஃபாரத்து மேல பயம். வெளிநாட்டு ஆளை வீட்டுல தங்க வச்சா 24 மணி நேரத்துக்குள்ள ஆன்லைன்ல பதிஞ்சாகணும். லாட்ஜுக்கும் அதே விதி, வீட்டுக்கும் அதே விதி. தனுஷ்கோடியிலேர்ந்து இலங்கைத் தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான், விசாரிக்க வர்றாங்கன்னா அதுல நியாயம் இருக்கு. ஆனா டீச்சரைப் பார்க்க வந்த சிநேகிதிக்கு ராமேஸ்வரத்துல ஒரு லாட்ஜ்ல ரூம் காலியா இருந்தும், "ஃபாரினர் எடுக்குறதில்ல"ன்னு ஒரே போடு. அந்த ஃபாரத்தை நிரப்புற சோம்பேறித்தனம். வேற என்ன?

ரயில் கதை இன்னும் கொடுமை. 2022 டிசம்பர்ல பழைய பாம்பன் பாலத்துல ரயில நிறுத்துனாங்க. 2025 ஏப்ரல்ல புதுப் பாலம் தொறக்குற வரைக்கும் நாங்க கடலைத் தாண்டிப் போய்த்தான் ரயில் ஏறினோம். அப்பாடா, ராமேஸ்வரத்துக்கே ரயில் வந்துருச்சுன்னு மூச்சு விட்டா, அந்த ஜூலை 1லேர்ந்து ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். டீச்சர் அவசரமா சென்னை போகணும்னா என் கணக்குல, என் ஆதார்ல, என் ஓடிபில எடுக்கணும்.

நான் நாட்டுப்படகுக்காரன். கடல்ல கெடக்குறப்ப டவர் எங்க இருக்கு? தனுஷ்கோடி பக்கம் போயிட்டா என் போன் இலங்கை டவரைப் புடிச்சுக்கிட்டு, "ஸ்ரீலங்காவுக்கு நல்வரவு"ன்னு மெசேஜ் காட்டுது. மணியைக்கூட அந்த ஊரு நெட்வொர்க்குதான் சொல்லுது. அந்த நேரம் கரையில டீச்சர் கவுண்டர் முன்னாடி நின்னுக்கிட்டு, "தம்பி, நம்பர் வந்துச்சா?"ன்னு வாட்ஸ்அப்ல கேட்டுக்கிட்டிருப்பாங்க. நான் கரைக்கு வந்து பாக்குறப்ப ஓடிபி செத்துப்போயிருக்கும். வலையை இழுக்கவா, ஆறு நம்பரை வாசிக்கவா?

கவுண்டர்ல உக்காந்திருக்கிற அண்ணமாரே, அக்காமாரே, பாஸ்போர்ட்டை நீட்டுனா ஒரு தடவை கைல வாங்கிப் பாருங்க. படம் இருக்கு, பேரு இருக்கு, பொறந்த தேதி இருக்கு, விசாவும் கூடவே இருக்கு. ரயில்ல டிடிஆரே அதைப் பார்த்துட்டு சரின்னு போறார். உங்களுக்கு மட்டும் என்னய்யா? அந்தம்மா உங்க முன்னாடிதான் நிக்குறாங்க, தமிழ்லயே பதில் சொல்றாங்க. அவங்களைக் கேளுங்க, என்னை விடுங்க.